எங்கே வைக்கட்டும்?

என் கதைப் பிரதிகளை அச்சுக்கு ஏற்றபடி மாற்றித் தருவதற்கு ஒரு கருவியை அண்ணன் மகன் என் கணிப்பொறியில் நிறுவிக் கொடுத்திருந்தான். படமும் பொத்தானும் இல்லாத கருவி அது. கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை எழுதினால் வேலை முடிந்துவிடும். ஆறு மாதம் ஒழுங்காக உழைத்தது. ஒரு நாள் காலையில், பழகிய கட்டளையை ஏற்க மறுத்துவிட்டது. இரவோடு இரவாகத் தன்னைத் தானே புதுப்பித்துக் கொண்டதாம்! எங்கே இருக்கிறது என்று தேடினால், என் கோப்புகளுக்கு நடுவே, சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடுக்கில் குடியேறியிருந்தது. வேறு இடத்தில் வைக்க வழியில்லை. புதுப்பிப்பை நிறுத்தவும் வழியில்லை.

"எல்லாம் உங்கள் நன்மைக்குத்தான், சித்தப்பா" என்றான் அவன். "பாதுகாப்பில் ஓட்டை இருந்தால் உடனே அடைக்க வேண்டாமா? எங்கே வைக்கட்டும் என்று கேட்டால் பெரும்பாலோருக்குப் பதில் தெரியாது. தவறான இடத்தைச் சொல்லிவிட்டு எங்களைத்தான் திட்டுவார்கள்."

அவன் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், பழைய மரபு ஒன்றை அவனே எனக்குச் சொல்லியிருக்கிறான். 1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனூ திட்டத்தின் மென்பொருள்களை நிறுவும்போது, 'பிரிஃபிக்ஸ்' என்று எழுதி, நாம் விரும்பும் இடத்தைக் குறிப்பிடலாம். ஒன்றும் சொல்லாவிட்டால் 'யூஎஸ்ஆர் லோக்கல்' என்ற அடுக்குக்குப் போய்ச் சேரும். லினக்ஸ் கோப்புகள் எங்கெங்கே இருக்க வேண்டும் என்று வகுத்த நெறிமுறை 1994-ல் முதல் வடிவம் பெற்றது. அந்த மரபில், 'லோக்கல்' அடுக்கு கணிப்பொறியை நிர்வகிப்பவருக்கே உரியது. அமைப்பு முழுவதும் புதுப்பிக்கப்படும்போதும் அங்கே உள்ளவை அழியக் கூடாது.

இந்த ஏற்பாட்டில் கேள்விகளின் தொல்லை இல்லை. பதில் தெரியாதவனுக்கு ஓர் இடம் தயாராக இருக்கிறது. தெரிந்தவனுக்குக் கதவு திறந்திருக்கிறது. இடத்தை முன்கூட்டித் தீர்மானிப்பது உதவி. மாற்றும் வழியையே அடைத்துவிடுவது உதவி ஆகுமா?

இதைக் கேட்க எனக்கு யோக்கியதை உண்டா என்றும் எண்ணிப் பார்த்தேன். அம்மா காலமான பிறகு அப்பாவைக் கிராமத்திலிருந்து அழைத்து வந்தேன். காற்றோட்டமான அறை, புதுக் கட்டில், அலமாரி என்று ஒரு குறையும் வைக்கவில்லை. அவர் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்துப் பழைய டிரங்குப் பெட்டியைப் பரணில் ஏற்றினேன். புத்தகங்களை ஒழுங்காக அடுக்கினேன். சில மாதங்களுக்குப் பிறகு ஒரு நாள் இரவு அவர் சொன்னார்: "இங்கே எல்லாம் இருக்கிறதப்பா. ஆனால், எதுவும் நான் வைத்த இடத்தில் இல்லை."

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. எவ்வளவு செய்தும் திருப்தி இல்லையே என்று நினைத்தேன். எங்கே வைக்கட்டும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அப்போது உறைக்கவில்லை. இப்போது கேட்க அவர் இல்லை.

அண்ணன் மகனிடம் இதைச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. போன வாரம் தொலைபேசியில் அழைத்தான். அலுவலகத்தில் தான் எழுதிவரும் கருவியில், இடத்தைக் குறிப்பிட ஒரு வழியும், புதுப்பிப்பை நிறுத்திவைக்க ஒரு வழியும் சேர்த்துவிட்டானாம்.

"அதிக வேலையா?" என்று கேட்டேன்.

"ஒரு பிற்பகல் வேலை, சித்தப்பா" என்றான்.