ஆடை வடிவமைப்புக் கல்வியும் கொல்லாமை அறமும்

மேல்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்த பிள்ளைகள் மருத்துவம், பொறியியல் என்று மட்டுமே நாடிய காலம் மாறிவிட்டது. ஆடை வடிவமைப்புக் கலையைப் பயில விழைவோரும் நம் இல்லங்களில் உளர். எந்தக் கல்லூரி சிறந்தது, கட்டணம் எவ்வளவு, வேலை கிட்டுமா என்று பெற்றோர் வினவுகின்றனர். வினவ வேண்டியவையே. ஆயினும் சிராவக இல்லத்தார்க்கு இவற்றின் முன் நிற்பது வேறொரு வினா. அக்கல்லூரியில் நம் பிள்ளை எவ்வெப் பொருள்களைக் கையாண்டு தேர்ச்சி பெற வேண்டும்?

பருத்தியோடு இக்கலை முடிவதில்லை. பட்டு, கம்பளி, தோல், உரோமத் தோல் ஆகியனவும் இதனுள் அடங்கும். பட்டுநூல் பிறக்கும் விதத்தை ஆரணி, காஞ்சிபுரம் பகுதிகளில் வாழும் நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளிவந்தால் நீண்ட இழை அறுபடும். ஆகவே அது வெளிவருமுன் கூட்டை வெப்பத்தால் வாட்டி, உள்ளிருக்கும் உயிரைப் போக்குகின்றனர். ஒரு கூட்டில் கிடைக்கும் பட்டு ஒரு கிராமுக்கும் மிகக் குறைவு. ஒரு சேலைக்கு எத்தனை உயிர் என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம். (தம் திருமணப் பட்டை எண்ணிச் சிலர் இவ்விடத்தில் பக்கத்தைப் புரட்டவும் கூடும்.)

‘கொன்றவர் வேறு, நெய்தவர் வேறு, தாளில் வடிவம் வரைபவர்க்கு இதில் என்ன பங்கு?’ என்பர் சிலர். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என வினையை மூவகையாக வகுத்துக் காட்டிய மரபு நம்முடையது. வடிவமைப்பாளர் தம் தாளின் ஓரத்தில் ‘பட்டு’ என்று எழுதும் ஒரு சொல்லே பின்னர் கொள்முதல் ஆணையாகிறது. அவர் நிற்கும் இடம் செய்வித்தல். புலால் விற்பனைக்கு உண்பவரே காரணம் என்று வள்ளுவர் காட்டிய தொடர்பும் இத்தகையதே.

உழவும் உயிர்களை வருத்துகிறதே, உழவரான நம் முன்னோர் என் செய்தனர் என்ற மறுப்பு எழக்கூடும். தக்க மறுப்புத்தான். இல்லறத்தார்க்குத் தொழிலால் நேரும் இம்சையை முற்றும் விலக்க இயலாது என்றும், கருதிச் செய்யும் சங்கல்ப இம்சையை விலக்கியே ஆகவேண்டும் என்றும் நம் நூல்கள் பிரித்துரைக்கின்றன. ஏர்முனையில் மண்புழு மடிகிறது. ஆனால் அது மடியாவிட்டாலும் பயிர் விளையும். பிழைத்தால் உழவர்க்கு மகிழ்ச்சியே. பட்டிலோ அவ்வுயிர் பிழைத்தால் அந்த நூலே இல்லை. அச்சாவு தொழிலில் தற்செயலாக நேர்வதன்று, தொழிலின் ஒரு படி. ஆதலின் அதனைத் தொழில் இம்சை என்ற நிழலில் ஒதுக்கிவிட முடியாது என்பது என் துணிபு.

அப்படியாயின் இக்கல்வியே வேண்டா என்று முடிப்பதா? அதற்கு நான் உடன்படேன். விழிப்பற்ற செயலால் உயிருக்கு ஊறு செய்வதையே தத்துவார்த்த சூத்திரம் இம்சை என வரையறுக்கிறது. துணியின் பிறப்பை அறியாமலே உடுத்துவதும் அவ்விழிப்பின்மையில் சேரும். அறிந்தவர் நம்முள் பெருகுவது நன்று.

அறிவு எவ்வளவு வேண்டும் என்பதற்கு ஒரு சான்று. ஆந்திரத்தின் குசுமா ராஜையா, பூச்சி வெளியேறிய பின் கிடைக்கும் கூடுகளிலிருந்து நூற்கும் அகிம்சைப் பட்டினைப் பரப்பினார். போற்றத்தக்க முயற்சி. எனினும் தலைமுறை தலைமுறையாக மனிதனால் வளர்க்கப்பட்ட அப்பூச்சி பறக்கும் ஆற்றலை இழந்துவிட்டது. சில நாளில் மடியும். இடும் முட்டைகளோ நூற்றுக்கணக்கில். பொரியும் புழுக்களுக்கு மல்பெரி இலை அளிப்பவர் யார்? அசாமின் எரிப்பட்டுக் கூடு இயல்பாகவே ஒருபுறம் திறந்தது, கொல்லாமலே நூற்கலாம். ஆனால் அங்கே கூட்டுப்புழுவை உணவாகவும் கொள்கின்றனர். பருத்தியும் குற்றமற்றதன்று, பூச்சிமருந்து தெளித்த வயலை நம் உழவர் அறிவர். இவற்றையெல்லாம் மறையாது கற்பிக்கும் கல்லூரியே நாம் நாட வேண்டுவது.

தேசிய ஆடை அலங்காரத் தொழில்நுட்ப நிறுவனம் 1986-இல் தில்லியில் தொடங்கி, 1995-இல் சென்னைக்கும் வந்தது. அங்கே தோல் வடிவமைப்பு தனிப் பட்டப்படிப்பு. ஆடை வடிவமைப்பு வேறு. ஆகவே விண்ணப்பத்தில் பாடப்பிரிவைத் தேர்வதே முதல் அறச்செயலாகிறது. அகமதாபாத்தில் 1961-இல் தோன்றிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் நெசவுத்துணி வடிவமைப்பைத் தனியே பயிலலாம். பருத்திப் பின்னலாடைக்குப் பெயர்பெற்ற திருப்பூரிலும் இத்துறைக் கல்லூரிகள் உள்ளன. எங்குச் சேரினும், பட்டை மறுக்கும் மாணவிக்கு மாற்றுத்துணி அளித்து முழு மதிப்பெண் வழங்குவார்களா என்பதை முன்கூட்டியே கேட்டறிக.

மறுப்பவர்க்குப் பிழைப்பு உண்டா என்ற அச்சம் இயல்பே. குச்சி நிறுவனம் 2017-இல் உரோமத் தோலைக் கைவிடுவதாக அறிவித்தது. 2018 செப்டம்பரில் லண்டன் ஆடைக் கண்காட்சி வாரம் உரோமத் தோல் இன்றியே நடைபெற்றது. பட்டை நோக்க இது சிறிதே. எனினும் மறுப்புக்கு அத்துறையில் இடமுண்டு என்பதற்கு இவை போதும்.

இதனினும் கடியது மிகுபொருள் விரும்பாமை. சென்ற ஆண்டின் ஆடையைப் பழையதாகத் தோன்றச் செய்வதே இவ்வணிகத்தின் உயிர்நாடி. பழஞ்சேலையைத் தூளியாகவும் பின் கைத்துணியாகவும் ஆக்கிய பாட்டியர் வழிவந்த பிள்ளை அங்கே எதைக் கற்கும்? துணி வீணாகாமல் வெட்டுதல், பழுது பார்த்தல், மறுபயன் ஆக்குதல் ஆகியன பாடத்தில் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். சேர்க்கைக்குச் செல்லும் நாளில் முன்னாண்டு மாணவர் தைத்த ஆடைகளைக் காட்டச் சொல்லி, ஒவ்வொன்றின் துணியும் எங்கிருந்து, எவ்வாறு வந்தது என்று அவர்களையே கேளுங்கள்.