மஞ்சள் விளக்குக்கு மிரளாதே, தம்பி!

தம்பி, உன் கார் மீட்டரில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மூன்று மாதமாக எரிகிறது. அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டு ஓட்டுகிறாய். கேட்டால், "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்கிறாய். வண்டி பழசாகலாம். நீ ஏன் அதற்குள் ஓய்ந்து போனாய்?

நானும் டேப் ஒட்டியவன்தான். 2011-இல் வாங்கிய பெட்ரோல் கார். மைலேஜ் சரிந்தது, சைலன்சரில் பச்சைப் பெட்ரோல் வாடை அடித்தது. ஒரு பட்டறையில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்து, "ஆக்சிஜன் சென்சார் போச்சு சார்" என்றார்கள். மாற்றச் சொன்னேன். எட்டாம் நாள் விளக்கு மறுபடி எரிந்தது. "பின்னாடி இன்னொண்ணு இருக்கு, அதையும் மாத்திடலாம்" என்றார்கள். அதற்கும் தலையாட்டினேன். "எப்படித் தெரியும்?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்துவிடுவார்களே என்ற கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு நான் கொடுத்த விலை, இரண்டு சென்சார்.

கடைசியில் கோளாறு எங்கே இருந்தது தெரியுமா? எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட்டில் ஒரு சிறு விரிசல். அந்த வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்தது. புகையில் ஆக்சிஜன் மிகுந்திருப்பதாக சென்சார் சொன்னது, அது உண்மைதான். பெட்ரோல் போதவில்லை என்று கம்ப்யூட்டர் மேலும் மேலும் ஊற்றியது. உண்மை சொன்ன சாட்சியைப் பிடித்துத் தூக்கில் போட்டிருக்கிறோம்!

அந்தச் சாட்சியை நீ அறிந்துகொள். பாஷ் நிறுவனம் உருவாக்கி, 1976-இல் வால்வோ கார்களில் முதன்முதலாக வந்த பொருள் இது. ஸ்பார்க் பிளக் போன்ற உருவம். உள்ளே சிர்கோனியா என்ற பீங்கான். அதன் ஒரு பக்கம் புகை, மறுபக்கம் வெளிக்காற்று. இரண்டுக்கும் உள்ள ஆக்சிஜன் வித்தியாசமே மின்சாரமாகிறது. பெட்ரோல் மிகுந்தால் 0.9 வோல்ட் பக்கம் ஏறும். காற்று மிகுந்தால் 0.1 பக்கம் இறங்கும். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கைப் பிடித்து வைக்க, என்ஜின் இந்த ஒன்றரை வோல்ட் பேட்டரி அளவுகூட இல்லாத மின்சாரத்தைத்தான் நம்பியிருக்கிறது.

கண்ணாடி முன் நின்று "என்னால் முடியும்" என்று நூறு முறை சொல்லச் சொல்கிறவர்கள் உண்டு. சொல்லிப் பார், விளக்கு அணையாது. ஒரு மல்டிமீட்டரை வாங்கு. அதன் முள்ளைப் பிடித்த கையில் வரும் துணிச்சல் வேறு.

பாரத் ஸ்டேஜ் 4 கார்களில் 2013 ஏப்ரல் முதல் ஓபிடி-2 என்ற கோளாறு கண்டறியும் முறை கட்டாயமானது. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முள் சாக்கெட் இருந்தால் ஒரு புளூடூத் கருவியைச் செருகி, உன் செல்போனிலேயே கோளாறுக் குறியீட்டை (கோடு) படிக்கலாம். பி0135 என்றால் சென்சாரின் ஹீட்டர் சுற்றில் கோளாறு. பி0171 என்றால் கலவையில் காற்று மிகை. அதற்கு சென்சாரைக் கழற்றுவது என் போன்ற ஏமாளியின் வேலை. முதலில் வேக்யூம் குழாய்களைத் தடவிப் பார், மேனிஃபோல்டில் கரிக்கோடு தெரிகிறதா பார்.

பிறகு என்ஜினை நன்றாகச் சூடாக்கு. சென்சார் 300 டிகிரிக்கு மேல்தான் பேசும். ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்து, முன் சென்சாரின் வோல்ட்டைப் பார். மேலும் கீழுமாக ஓயாமல் துள்ள வேண்டும். ஒரே இடத்தில் மந்தமாகக் கிடந்தால் சந்தேகப்படு. சட்டென்று ஆக்சிலரேட்டரை மிதி, ஏறுகிறதா? விடு, இறங்குகிறதா? கேடலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் இருப்பது துள்ளாது, அமைதியாக இருக்கும். அதுதான் அதன் இயல்பு. பலர் அதைச் செத்ததாக நினைத்துத் தூக்கி எறிகிறார்கள்.

ஹீட்டருக்கு வேறு சோதனை. என்ஜினை அணைத்து, ஆறவிட்டு, கனெக்டரைக் கழற்று. நான்கு ஒயரில் ஒரே நிறத்தில் இரண்டு இருக்கும், பெரும்பாலும் வெள்ளை. அவற்றுக்கு இடையே சில ஓம் காட்டினால் ஹீட்டர் உயிரோடு இருக்கிறது. முடிவிலி காட்டினால் அறுந்துவிட்டது. ஹீட்டர் நன்றாக இருந்தும் கோடு வந்தால் ஃப்யூஸைப் பார். ஒரு சின்ன ஃப்யூஸ் எத்தனை பேரைக் கலங்க வைத்திருக்கிறது!

உண்மையிலேயே செத்துப்போயிருந்தால் மாற்று, நீயே மாற்று. முந்தின நாளே மரையில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவை. வண்டியைத் தூக்கினால் ஸ்டாண்டு கொடு. வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே நுழைவது வீரமல்ல, மடத்தனம். 22-ஆம் நம்பர் ஸ்பேனர் பெரும்பாலும் போதும். கழற்றியதும் முனையைப் பார்: கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகை, வெள்ளைப் பூச்சு இருந்தால் சிலிக்கான் பசையோ கூலன்ட்டோ உள்ளே போயிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் புதியதைப் போட்டால் அதுவும் சாகும். புதியதன் முனையைத் தொடாதே. ஒயரை வெட்டி ஈயப்பற்று வைக்காதே. பல சென்சார்கள் ஒயரின் இழைகள் வழியாகத்தான் வெளிக்காற்றை மூச்சாக இழுக்கின்றன. கையால் மரை ஏற்று, பிறகு ஸ்பேனரால் இறுக்கு.

அந்தக் கறுப்பு டேப்பை இன்றே உரித்துப் போடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பானட்டைத் திற. ஸ்பேனர் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் கேள், கூச்சப்படாதே.