பாயிண்டைப் பார்த்தீர்களா?

பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் கார்கள் வரிசை கட்டி நிற்க, ஓரமாகத் தடதடத்துப் போகும் பழைய புல்லட்டுக்குக் கட்டணம் கிடையாது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் என்ஃபீல்டும் கைகோத்தன. திருவொற்றியூரில் வளர்ந்தது அந்த வண்டி. பிறந்த நாட்டில் உற்பத்தி நின்றுபோன பிறகும் இங்கே நிற்கவில்லை.

பழைய வண்டி எடுக்கும் தம்பிகள் முதலில் பெயிண்டுக்கும் குரோமியத்துக்கும் பணத்தைக் கொட்டுகிறார்கள். கிளம்பாத வண்டிக்குப் பளபளப்பு எதற்கு? முதலில் தீப்பொறியை இயக்கும் பாயிண்டின் மூடியைக் கழற்றுங்கள். முனை கருத்திருந்தால் நைசான உப்புத்தாளால் தேயுங்கள். முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்கட்டும், ஃபீலர் கேஜ் லேசாக உரசிப் போக வேண்டும். கிக்கர் மிதித்துக் கால் வீங்கும் கஷ்டம் பாதி அங்கேயே தீரும்.

ஸ்பிரிங் சீட்டுக்கு ரெக்சின் போடுவது எனக்குப் பிடிக்காது. பக்கத்திலேயே ஆம்பூரும் பேரணாம்பட்டும் இருக்க, அசல் தோல் கிடைக்காதா என்ன? (நனைந்தால் நிழலில் உலர்த்துங்கள்.)

வாங்குமுன் எஞ்சின், சேஸிஸ் எண்களை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். 15 ஆண்டு கடந்தால் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அது விட்டுப்போயிருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள்.