செயலும் பணிவும்: துருவப் பதக்கம் எழுப்பும் ஓர் அறவினா

விருது ஒன்று செயலைப் போற்றுகின்றதா, அன்றிச் செய்தவரின் ஒழுக்கத்தைப் போற்றுகின்றதா? துருவ ஆய்வுப் பயணங்களிற் பங்குகொண்டோருக்குப் பிரித்தானிய முடியினால் 1904ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்டுவரும் எண்கோண வடிவான துருவப் பதக்கம் இவ்வினாவுக்குத் தக்கதோர் உரைகல்லாகும்.

சேர் ஏர்ணஸ்ற் ஷக்கிள்ரன் தலைமையில் 1914இல் அந்தாட்டிக்கா நோக்கிச் சென்ற 'என்டியூரன்ஸ்' கப்பல் பனியிற் சிக்கி நொருங்கி, 1915 நவம்பர் 21இல் மூழ்கியது. அதிற் சென்றோர் 28 பேர். அடுத்த மாதம் பனிமேற் படகுகளை இழுத்துச் செல்கையில், தச்சரான ஹரி மக்னீஷ் கட்டளைக்கு இணங்க மறுத்தார். கப்பல் அழிந்தமையால் ஒப்பந்தமும் முடிந்தது என்பது அவர் வாதம். ஷக்கிள்ரன் ஒப்பந்தத்தை எடுத்துரைத்து அவரைப் பணியவைத்தார். கப்பலைக் கைவிட்ட பின்னர் தலைவரின் ஆணைப்படி தம் பூனை கொல்லப்பட்டமையை மக்னீஷும் மன்னித்தாரல்லர்.

அவரே பின்னர் 'ஜேம்ஸ் கெயாட்' என்னும் சிறு படகின் பக்கங்களை உயர்த்தி, கித்தானால் மேற்றட்டு அமைத்து, ஓவிய வர்ணமும் கடல்நாயின் குருதியும் கொண்டு இடுக்குகளை அடைத்தார். 1916 ஏப்ரல் 24இல் எலிபன்ற் தீவினின்று அவர் உட்பட அறுவரைச் சுமந்து புறப்பட்ட அப்படகு, 1,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட கொடுங்கடலைக் கடந்து மே 10இல் தென் ஜோர்ஜியாவை அடைந்தது. தீவில் எஞ்சிய 22 பேரும் ஓகஸ்ற் 30இல் மீட்கப்பட்டனர்.

பதக்கத்துக்கு நால்வர் பரிந்துரைக்கப்படவில்லை. மக்னீஷ் அவருள் ஒருவர். (ஏனைய மூவரின் நிலை தனித்து ஆராயத்தக்கது.) கப்பலில் ஒளித்து ஏறிய இளைஞரான பிளக்பரோவுக்கோ வெண்கலப் பதக்கம் கிடைத்தது. விதியை மீறியமை மட்டுமே தடையாயிற்று எனக் கொள்வதற்கில்லை.

தலைவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. மிதக்கும் பனிமேல் 28 உயிர்களைக் காப்பவருக்கு ஒருவரின் மறுப்பு ஏனையோரிடத்தும் பரவும் என்ற அச்சம் இயல்பே. அவ்வேளையில் மக்னீஷை அடக்கியமை குற்றமன்று. ஆயின் தண்டனை ஒழுங்கைக் காக்கும் கருவி. ஆபத்து நீங்கியதும் அதன் தேவையும் நீங்கிவிடுகின்றது. பதக்கமோ நிகழ்ந்ததற்குச் சாட்சி. சாட்சி கூறுபவர் தம் மனக்குறை காரணமாக ஒரு செயலை விடுத்துரைப்பின், அங்கு திரிபடைவது அச்செயலின் வரலாறே. மேலும், முடியின் பெயரால் வழங்கப்படும் சிறப்புக்குப் பரிந்துரைப்பவரே பிணக்கில் ஒரு தரப்பாகவும் இருந்தார் என்பது மனங்கொள்ளத்தக்கது. பயணத்தின் மருத்துவர்களுள் ஒருவரான மக்ளினும் இம்மறுப்பை அநீதி என்றே கருதினார்.

மக்னீஷ் 1930இல் வெலிங்ரனிற் காலமானார். 2004இல் அவரது கல்லறைமேல் அப்பூனையின் வெண்கல உருவம் வைக்கப்பட்டது.