பூச்சி தின்னும் செடியும் பிடுங்கிய கையும்

பூச்சோங்கில் நாம் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் பின்புறத்தில், துணி உலர்த்தும் கம்பியின் ஓரமாக ஏழு தொட்டிகள் தொங்குகின்றன. நான்கில் ஹோயாக் கொடிகள். மூன்றில் குடுவைச் செடிகள். சென்ற ஆண்டு நம் இல்லத்துக்கு வந்திருந்த அத்தையார் அவற்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு குடுவைக்குள் எறும்புகள் செத்து மிதப்பதைக் கண்டதும் அவர் முகம் சுருங்கிற்று. “ஏன் தம்பி, உயிரைக் கொன்று தின்கிற செடியை வீட்டில் வைத்து வளர்க்கலாமா? பாவமில்லையா?” என்று கேட்டார். வெள்ளிக்கிழமை நீங்கலாக ஏனைய ஆறு நாட்களிலும் கோழிக் குழம்பை வெறுக்காதவர் நம் அத்தையார் என்பதை இங்கே எழுதினால் அவர் கோபிப்பார். எனினும் உண்மையை மறைப்பானேன்?

அன்று நாம் சிரித்துவிட்டோம். ஆனால் கேள்வி சிரிப்போடு போய்விடவில்லை. பாவம் என்று ஒன்றிருந்தால் அது யாருடையது? செடியினுடையதா, வளர்ப்பவனுடையதா?

முதலில் செடியின் வழக்கை விசாரிப்போம். மலாய்ச் சகோதரர்கள் இதனைப் பெரியோக் கெரா, அதாவது குரங்கின் பானை என்பர். அந்தக் குடுவை பூவுமன்று, காயுமன்று; இலையின் நுனியே அது. நடு நரம்பு இலையைத் தாண்டிக் கொடிபோல் நீண்டு, நுனியில் பருத்துக் குடுவையாகின்றது. மேலிருக்கும் மூடி, பூச்சி விழுந்தவுடன் படீரென்று மூடிக்கொள்ளும் என்று பலர் நம்புகின்றனர். அஃது ஒருநாளும் மூடாது. மழைநீர் நிரம்பி வழியாதபடி காக்கும் குடை அவ்வளவே. குடுவையின் விளிம்பில் தேன் ஊறும். விளிம்பு ஈரமானபோது எறும்பின் கால் அதில் நிற்காது. வழுக்கி விழுந்தது நீரில் செரிந்து செடிக்கு உரமாகின்றது. இச்செடி வாழும் நிலமோ வெண்மணலும் மட்கிய சதுப்பும். மற்றச் செடிகளுக்குப் போதிய ஊட்டம் இல்லாத இடம். வேர் தராததை இலை தேடிக்கொள்கின்றது.

இதனை ஒப்புக்கொள்ள அத்தையார் மட்டுமல்ல, அறிஞர்களும் தயங்கினர். ஈயைப் பற்றும் அமெரிக்கச் செடியொன்றைக் குறித்து 18ஆம் நூற்றாண்டில் ஜான் எல்லிஸ் என்பார், அது பூச்சியை உண்பதாகவே தோன்றுகிறதென்று லின்னேயஸுக்கு எழுதினார். உலகத்துச் செடிகளுக்கெல்லாம் பெயரிட முனைந்த அப்பேரறிஞர் அதனை ஏற்கவில்லை. 1874இல் ஹூக்கர் குடுவைச் செடியின் செரிமானத்தைச் சோதித்துச் சொன்ன பிறகும், 1875இல் டார்வின் பூச்சியுண்ணும் செடிகளைப் பற்றி ஒரு நூலே எழுதிய பிறகுமே ஐயம் தீர்ந்தது. ஆங்கில வழியில் அறிவியல் பயின்ற நாமும் இவற்றைத் தேர்வுக்காக மனனம் செய்தோமேயன்றி, வீட்டிற்கு ஆறு கல் தொலைவில் அச்செடி நிற்கக்கூடும் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

வேறொரு வழியும் இருக்க, அதை விட்டுத் தீயதைத் தெரிந்தெடுத்தவனையன்றோ பாவி என்போம்? செடிக்குத் தெரிந்தெடுக்க ஏதுமில்லை. அவ்வினத்துக்குள்ளேயே அம்புல்லாரியா என்பது தரையில் குந்திய சிறு பானைகளை விரித்துவைத்து, மரத்திலிருந்து விழும் சருகையும் ஏந்தி உணவாக்கிக் கொள்கின்றது. அத்தையார் அதனைச் சைவக் குடுவை என்று ஏற்றுக்கொள்ளக் கூடும். பல குடுவைகளின் நீரில் கொசுப்புழுக்கள் செரிமானத்துக்குத் தப்பி வாழ்கின்றன. கொல்லும் பாத்திரமே சிலவற்றுக்குத் தொட்டிலுமாகிறது. ஆகவே செடியை விடுதலை செய்து, வளர்ப்பவனைக் கூண்டில் ஏற்றுவோம்.

நிற்க. குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏற வேண்டியவர் நாமே.

கோல லங்காட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நாம் கிராணியாக வேலை பார்க்கிறோம். ஐந்தாண்டுகளுக்கு முன் ஒருநாள், எல்லை வடிகாலை அளக்கச் சென்றபோது, கரிய சதுப்பு மண்ணின் கரையில் ஒரு குடுவைக் கொடியைக் கண்டோம். விரல் நீளக் குடுவைகள் பத்துப் பன்னிரண்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. அழகு கண்ட இடத்தில் அதனை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று மனிதனுக்கு ஏன் தோன்றுகிறதோ! உடனிருந்தவரின் பாராங்கை வாங்கி, வேரோடு பெயர்த்து, சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தோம். நல்ல கருமண்ணில் நட்டோம். குழாய் நீர் வார்த்தோம். போதாததற்குச் செம்பனைக்கு இடும் உரத்தில் இரண்டு சிட்டிகை போட்டோம். தோட்டத்தில் உழைத்தவன் மகனுக்கு உரத்தை விட்டால் வேறு அன்பு தெரியாது. குடுவைகள் முதலில் கருகின, பிறகு இலைகள். இரண்டு மாதத்தில் தண்டு மட்டும் நின்றது. இச்செடிக்கு மழைநீர் வேண்டும், பாசியும் தேங்காய்மட்டைத் துண்டும் வேண்டும், வேரில் உரம் நஞ்சு என்பதெல்லாம் அது செத்த பிறகு நாம் படித்தவை.

வருந்தினோம். எதற்காக வருந்தினோம் என்று பிற்பாடு நம்மையே கேட்டோம். செடி செத்ததற்காகவா, நம் சாளரம் வெறுமையானதற்காகவா? விடை நமக்குப் பெருமை தருவதாக இல்லை.

இவ்வாறு பெயர்த்துச் செல்லும் பழக்கம் நம்மோடு தொடங்கியதன்று. லண்டனில் செடி விற்பனை நிலையம் வைத்திருந்த ஒருவரின் மகன் ஹியூ லோ. தந்தையின் நிலையத்துக்குச் செடி திரட்டவே போர்னியோவுக்கு வந்தவர். 1851இல் கினபாலு மலை ஏறினார். அங்கே கண்ட ஒரு குடுவைச் செடி இன்றும் அவர் பெயரைச் சுமக்கின்றது. மரமூஞ்சூறு அதன் மூடியில் ஊறும் சாற்றை நக்கிவிட்டு, குடுவையையே கழிப்பிடமாகக் கொள்கிறது என்பதும், செடி அதையே உரமாக ஏற்கிறது என்பதும் அண்மைக் கால ஆராய்ச்சியில் வெளிவந்தவை. துரைமகனாருக்குக் கிடைத்த புகழ் அத்தகையது! அதே ஹியூ லோ 1877இல் பேராக்கின் ரெசிடெண்டாக அமர்ந்தார். அதற்கு முந்திய ஆண்டு விக்ஹாம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோயிருந்தார். அவற்றில் முளைத்தவற்றுள் 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்தன. சில கோலகங்சாரில் ஹியூ லோவின் தோட்டத்தில் ஊன்றப்பட்டன. அம்மரம் பெருகியது, அதற்குப் பால் வெட்ட நம் பாட்டன்மார் கப்பலேற்றப்பட்டனர். குடுவைச் செடி, ரப்பர்க் கன்று, தமிழன், மூவரும் பெயர்த்துச் செல்லப்பட்ட ஒரே காலத்தின் சரக்குகள்.

மனிதனைச் செடியோடு ஒப்பிடலாமா என்று வாசகர் கேட்கலாம். கூடாதுதான். மனிதன் பேசுவான், சங்கம் வைப்பான், கூலி குறைந்தால் பிரட்டுக்களத்தில் நின்று கணக்குக் கேட்பான். செடி எதுவும் கேட்காது. கேட்கமாட்டாத உயிரிடத்தில் எடுப்பவன் தன் கணக்கைத் தானே அதிகக் கண்டிப்பாக எழுத வேண்டியவன் ஆகின்றான்.

அக்கணக்கை எழுதாதவர் பலர். மேற்குக் கலிமந்தானில் கெலாம் என்னும் ஒற்றைப் பாறை மலையில் மட்டும் வளரும் கிளிபியாட்டா என்ற குடுவைச் செடி, சேகரிப்போர் ஆசையாலேயே காட்டில் அற்றுப்போகும் நிலையை அடைந்துள்ளது. அதனை அழித்தவர் செடியை வெறுத்தவர் அல்லர். விலை கொடுத்து வாங்கிப் போற்றியவர்கள். இன்னொன்றும் அறியத்தக்கது. குடுவைச் செடியில் ஆண் வேறு, பெண் வேறு. ஒரு மேட்டில் உள்ள ஒரே பெண் செடியை ஒருவர் பெயர்த்துவிட்டால், மிஞ்சிய ஆண் செடிகள் பூத்தும் பயனில்லை. “நான் ஒன்றுதானே எடுத்தேன்” என்பது அங்கே செல்லாது. இன்று ஆய்வுக்கூடத்தில் விதையினின்றும் திசுவினின்றும் பெருக்கிய கன்றுகள் கிடைக்கின்றன. நம்மிடமுள்ள மூன்றும் சுங்கை பூலோ நாற்றுப் பண்ணையில், எங்கே பெருக்கியவை என்று கேட்டு வாங்கியவை. கேட்டபோது கடைக்காரர் நம்மை விசித்திரமாகப் பார்த்தார். விலையைக் கேட்பவரைத்தான் அவர் கண்டிருக்கிறார் போலும்.

ஹோயாவின் நிலை சற்று ஆறுதலானது. நம் ஊர் எருக்கஞ்செடிக்கு உறவான கொடி இது. கிள்ளினால் பால் வடியும். காட்டில் மரத்தின்மீது படர்ந்தாலும் புல்லுருவிபோல் மரத்தின் சாற்றை உறிஞ்சாது. 1810இல் ராபர்ட் பிரவுன் இதற்குப் பெயரிட்டபோது எந்த அரசரையும் நினைக்கவில்லை. ஒரு பிரபுவின் தோட்டத்தில் வேலை பார்த்த தாமஸ் ஹோய் என்ற தோட்டக்காரரின் பெயரை வைத்தார். மண்ணில் கைவைத்தவன் பெயர் நிலைத்தது நமக்கு மகிழ்ச்சி. இரண்டு கணுவுள்ள ஒரு துண்டு போதும், புதுக்கொடி உண்டாகும். ஆகையால் அண்டை வீட்டாருக்குக் கொடுக்கக் கொடுக்க நம்முடையது குறைவதில்லை. பூ உதிர்ந்தபின் காம்பை வெட்டலாகாது, அக்காம்பிலேயே மீண்டும் பூக்கும். இவ்வளவு எளிய கொடியிலும் வியாபாரம் விளையாடுகிறது. இதய வடிவான கெரியி இலையைத் தனியே கிள்ளிச் சிறு தொட்டியில் நட்டுக் காதலர்க்கு விற்கின்றனர். கணுவில்லாத அவ்விலை ஆண்டுக்கணக்கில் பச்சையாகவே நிற்கும், ஒருபோதும் தளிர்க்காது. வாங்கியவர் தினமும் நீர் வார்த்துக் காத்திருப்பார்.

இனி, நமக்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம் ஒன்றுண்டு. “காடு எப்படியும் அழியப் போகிறது, புல்டோசர் நசுக்குமுன் நாம் எடுத்துக் காப்பாற்றினால் என்ன?” என்பர். பூச்சோங்கில் இருப்போர் இதனை எளிதில் தள்ள முடியாது. 1906இல் ஒதுக்கப்பட்டபோது 4,000 ஹெக்டேருக்கு மேலிருந்த ஆயர் ஈத்தாம் வனம் இன்று ஏறத்தாழ 1,200 ஹெக்டேராகச் சுருங்கி, நாற்புறமும் வீடுகள் சூழ நிற்கின்றது. நம் வீடுகளும் அச்சூழலில் அடங்கும். ஆனால் ‘எப்படியும் அழியும்’ என்பதைச் சொல்பவர் யார் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் அழிவினால் ஊதியம் பெறுபவரோ, அழிவுக்கு முன் ஒன்றைக் கைப்பற்ற விரும்புபவரோதான். காப்பாற்றுவது மெய்யானால் அனுமதி பெற்று, வளர்க்கத் தெரிந்த தாவரப் பூங்காவிடம் சேர்ப்பிக்கலாம். நம் துணிக்கம்பியில் மாட்டிக்கொண்டு அதற்குத் தொண்டு என்று பெயரிட வேண்டியதில்லை. அதற்கும் முன், அழியத்தான் வேண்டுமா என்று ஒருமுறை கேட்கவேண்டும்.

கேட்பது யார்? செடி திருடுகிறவனைப் பற்றி இவ்வளவு எழுதுகிற இக்கை, சதுப்பை வடித்துச் செம்பனை நட்ட ஏக்கர்களை மாதந்தோறும் பேரேட்டில் எழுதிச் சம்பளம் வாங்கும் கைதான். அத்தையாரிடம் இதனைச் சொன்னபோது, “அப்படியானால் உன் செடியைவிட உன் வேலைதான் அதிகம் தின்கிறது” என்றார். மறுமொழி நமக்குக் கிடைக்கவில்லை.

நாம் பெயர்த்த இடத்துக்குச் சிறிது தள்ளி, அதே வடிகால் கரையில் இன்னொரு கொடி படர்ந்திருக்கிறது. வடிகாலை இருபுறமும் அகலப்படுத்த ஒப்பந்தக்காரரின் விலைப்பட்டியல் சென்ற வாரம் நம் மேசைக்கு வந்தது. ஒருபுறம் மட்டும் வெட்டினால் கொடி தப்பும்; செலவு சற்றுக் கூடும். கூடும் தொகையைக் கணக்கிட்டு ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம். மேலாளர் விடுமுறையில் இருக்கிறார், திங்கட்கிழமை வருவார்.