வேறு கடையில்லாத இடத்தில்

வாங்க வருகிறவருக்கு நம் கடையை விட்டால் வேறு கடையில்லை. அப்போது அவர்பால் நமக்குள்ள கடமை குறைகிறதா, கூடுகிறதா? ஆகாய விமான நிலையத்துச் சாப்பாட்டைப் பற்றிப் பிரயாணிகள் குறை சொல்லக் கேட்கும்போதெல்லாம் நம் மனத்தில் எழும் கேள்வி இதுதான்.

கோலசிலாங்கூர், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா (2007-க்கு முன் பத்தாங் பெர்ஜுந்தை) பக்கத்திலிருந்து ஒருவர் திருச்சிக்கோ உம்ராவுக்கோ புறப்படுகிறார் என்று வைத்துக் கொள்வோம். 1998-ல் சிப்பாங்கில் திறக்கப்பட்ட விமான நிலையம் நமக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரம். மூன்று மணி நேரத்துக்கு முன்பே அங்கே இருக்க வேண்டும். பகல் சாப்பாட்டோடு கிளம்பியவர் சோதனைகளையெல்லாம் கடந்து உள்ளே போய் உட்காரும்போது இஷா நேரமாகிவிடுகிறது. இனி வெளியே வந்து வேறு கடை தேட முடியாது. பொரித்த கோழி, பன், சர்க்கரைப் பானம், எப்போது ஆக்கியதென்று தெரியாத நாசி லெமாக் என்று கண்ணாடிக்குப் பின்னால் எது இருக்கிறதோ அதுதான் ஆகாரம். 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் 15.6 சதவிகிதம் பேருக்கு, அதாவது ஆறு பேரில் ஒருவருக்கு, நீரிழிவு இருப்பதாகக் கண்டார்கள். மாத்திரை போட்டவர் பசியோடும் இருக்கக் கூடாது; கண்டதையும் தின்னக் கூடாது. அவர் என்ன செய்வார்?

“எல்லாம் ஹலால்தானே, ஜாக்கிம் முத்திரை இருக்கிறதே” என்று நம்மவர் சமாதானம் சொல்கிறார்கள். முத்திரை வேண்டியதுதான். ஆனால் திருக்குர்ஆன் ஹலால் என்பதோடு தய்யிப், அதாவது நல்லது, தூய்மையானது என்பதையும் சேர்த்தல்லவா சொல்கிறது? காலையில் ஆக்கிய சோறு இரவு பத்து மணிக்கு எந்த நிலையில் தட்டில் விழுகிறது என்பதை முத்திரை கூடவே நின்று பார்க்க முடியாது. கடைக்காரரின் மனச்சாட்சிதான் பார்க்க வேண்டும்.

ஆக்கிய சோறு ஒன்று 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும். அல்லது சீக்கிரம் ஆற வைத்துக் குளிர்ப்பெட்டியில் வைக்கப்பட வேண்டும். இளஞ்சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் ஒருவகைக் கிருமி பெருகி அதில் நஞ்சை உண்டாக்குகிறது. மறுபடி சூடுபடுத்தினாலும் அந்த நஞ்சு போவதில்லை. ஆகவே ஆவி பறக்கிறதே என்று நம்பி விடுவதற்கில்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த செய்தியை நாம் மதரஸாவிலேயே ஓதியிருக்கிறோம். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. அப்படியானால் மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள் நபியவர்கள். சுடவைத்த பழைய சோறும் அந்த ஈரத் தானியத்தின் இனம்தான்.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெளியில் சில வெள்ளிக்குக் கிடைப்பது அங்கே பல மடங்கு என்று எல்லாரும் ஏசுகிறார்கள். நாம் ஏசமாட்டோம். வாடகை என்ன, இரவு ஷிப்டுக்கு ஆள் சம்பளம் என்ன, ஒவ்வொரு மூட்டையும் சோதனைக்குப் பின் உள்ளே போவதில் எத்தனை சிரமம் என்பது கடை நடத்துகிறவருக்குத் தெரியும். விலையை எழுதி ஒட்டிவிட்டால் வேண்டியவர் வாங்குகிறார், வேண்டாதவர் தண்ணீர் குடித்து இருக்கிறார். விலை கூடினால் பணத்தோடு போயிற்று. பழையதைப் புதியதென்று கொடுத்தால் அது உடம்பில் போய் உட்காருகிறது. இரண்டையும் ஒரே தராசில் போடக் கூடாது.

இதெல்லாம் எங்கோ பெரிய கம்பெனிக்காரர்கள் சங்கதி என்று நம் வட்டாரத்து வியாபாரிகள் ஒதுக்கிவிட முடியாது. ரப்பர் காலத்துத் தோட்டங்களை நினைத்துப் பாருங்கள். பஸ் எப்போதாவது வரும். டவுனுக்குப் போகக் கையில் காசிராது. சம்பள நாள் வரை பற்று நோட்டில் எழுதித்தான் அரிசியும் கருவாடும். அந்தத் தொழிலாளிக்கும் கடை ஒன்றுதான். வண்டு விழுந்த பருப்பை அவர் தலையில் கட்டியவர்களும் உண்டு, புடைத்துச் சுத்தமாக அளந்தவர்களும் உண்டு. இருவருக்கும் வியாபாரம் நடந்தது. வேறு வழியில்லாதவர் என்பதால் இரண்டாமவரும் வாடிக்கையை இழக்கவில்லை, முதலாமவரும் இழக்கவில்லை. அதனால்தான் இலாப நஷ்டக் கணக்கை வைத்து இக்கேள்விக்குப் பதில் காண முடியாது என்கிறோம். டவுனில் பக்கத்துக் கடைக்காரரே நம்மை நேர்மையாக வைத்திருப்பார். தனிக் கடையில் அந்தக் காவல் இல்லை. அந்தப் பொறுப்பும் நம் தலையிலேயே விழுகிறது. கடமை கூடுகிறது என்றே நமக்குத் தோன்றுகிறது.

பிரயாணம் போகிறவர்கள் கட்டுச்சோற்றை மறந்துவிட்டது ஒரு விந்தை. கெட்டியான ஆகாரத்தைச் சோதனையில் பொதுவாகத் தடுப்பதில்லை. வெளிநாட்டு விமானங்களில் 100 மில்லிக்கு மேற்பட்ட நீர்ப்பொருளைத்தான் தடுக்கிறார்கள். ஆகவே குழம்பும் சம்பாலும் வேண்டாம். அவித்த முட்டை, சப்பாத்தி, வாழைப்பழம், பேரீச்சம்பழம் போதும். பழம் மிஞ்சினால் இறங்குமுன் தின்றுவிடுங்கள். பல நாடுகள் அதை உள்ளே விடுவதில்லை. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் கல்லில் கண்ணெதிரே சுடும் தோசை, ரொட்டி, அப்போதே கொதிக்க வைத்துக் கொடுக்கும் சூப் இவற்றைக் கேளுங்கள். “இது எப்போது ஆக்கியது?” என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். நம் கடையிலும் அப்படி யாராவது கேட்டால் முகம் சுளிக்காமல் மணியைச் சொல்வோம்.