எலியாவுக்குக் கிடைத்த அப்பம்



பொதுக்காலத்தின் 19ஆம் ஞாயிறான இன்று முதல் வாசகத்தில் எலியா சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து சாவைக் கேட்கிறார். கார்மேல் மலையில் வானத்து நெருப்பை வேண்டிப் பெற்ற இறைவாக்கினர் அவர். ஈசபேல் அரசியின் மிரட்டலுக்கு அஞ்சி ஓடிவந்த களைப்பில், தன் மூதாதையரைவிடத் தான் எந்த விதத்திலும் மேலானவன் இல்லை என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிவிட்டுப் படுத்துவிடுகிறார்.

இப்படித் தீர்ப்பு எழுதிக்கொள்கிறவர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். ஏடிஎச்டி எனப்படும் கவனக் குறைபாட்டோடு வாழ்கிறவர்களைத்தான் சொல்கிறேன். ஜாலான் புசார் எம்ஆர்டி நிலையத்தின் நுழைவாயிலில் ஒருவர் பையைக் குடைந்து அட்டையைத் தேடுகிறார். பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுகிறார்கள். அட்டையோ நேற்றுப் போட்ட சட்டையின் பையில் இருக்கிறது. வேலைக்குப் பிந்திவிட்டது. நடந்தது அவ்வளவுதான். ஆனால் ரயில் வருவதற்குள் அவர் மனசு எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்துவிடும்: நீ பொறுப்பற்றவன், சோம்பேறி, உன்னைக் கட்டிக்கொண்டவள் பாவம்.

இந்தச் சொற்கள் அவர் மனசில் தானாக முளைத்தவை அல்ல. சிறு வயதில் வீட்டிலும் வகுப்பிலும் கேட்டவை. தொடக்கநிலை ஆறாம் வகுப்பில், தேர்வு நெருங்க நெருங்க, துணைப்பாட வகுப்புக்கு மேல் துணைப்பாட வகுப்பு வைத்து, ‘அக்காவைப் பார், அவளுக்கு மட்டும் எப்படி முடிகிறது?’ என்று நாம் கேட்டோமே, அந்தக் கேள்வி நாற்பது வயதிலும் அவர் காதில் ஒலிக்கிறது.

மருத்துவர்களும் ஒரு காலத்தில் ஏறக்குறைய இப்படித்தான் பேசினார்கள். 1902இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவில் குறையில்லாத, ஆனால் ஒன்றில் நிலைக்க முடியாத பிள்ளைகளைப் பற்றிப் பேருரை ஆற்றியபோது, அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை என்றே குறிப்பிட்டார். மருத்துவம் அந்தச் சொல்லை எப்போதோ கைவிட்டுவிட்டது. இந்தக் குறைபாடு மூளை வளர்ச்சி சார்ந்தது, பெரும்பாலும் பரம்பரையாக வருவது, 12 வயதுக்கு முன்பே அறிகுறி காட்டுவது என்று இன்று தெரியும். நம் வீடுகளில் மட்டும் 1902 இன்னும் முடியவில்லை.

திருச்சபை என்ன சொல்கிறது? கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 1735ஆம் பத்தியில், ஒருவர் தம் செயலுக்கு ஏற்க வேண்டிய பொறுப்பைக் குறைக்கக்கூடியவை எவை என்று வரிசைப்படுத்துகிறது. அறியாமை, அச்சம் இவற்றோடு கவனமின்மையும் உளவியல் காரணங்களும் அங்கே இடம்பெறுகின்றன. ஆகவே ஒப்புரவுக்கு முன் ஆன்மச் சோதனை செய்யும்போது, மறதியைக் கொண்டுபோய்ப் பாவக் கணக்கில் எழுதாதீர்கள். உங்கள் மறதியால் மனைவிக்குச் சிரமம் நேர்ந்திருந்தால் மன்னிப்புக் கேளுங்கள், ஈடு செய்யுங்கள். அது கடமை. உங்களையே வெறுப்பது கடமை அல்ல.

எலியாவிடம் வானதூதர் எப்படி நடந்துகொண்டார் என்று பாருங்கள். திட்டவில்லை. ‘நீ பெரிய ஆள்’ என்று புகழவும் இல்லை. தட்டி எழுப்பினார். தலைமாட்டில் சுட்ட அப்பமும் குவளையில் தண்ணீரும் இருந்தன. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். நம் வீட்டில் என்றால் இந்த இடத்தில் ஒரு சண்டை நடந்திருக்கும்! தூதர் இரண்டாம் முறையும் எழுப்பி உண்ணச் சொன்னார். போக வேண்டிய தூரம் அதிகம், உணவில்லாமல் முடியாது என்பதே அவர் சொன்ன காரணம். அந்த உணவின் வலிமையில் எலியா நாற்பது பகலும் நாற்பது இரவும் நடந்து ஓரேபை அடைந்தார்.

தன்னைப் பற்றிய பேச்சை மாற்றிக்கொள்ள நினைப்பவருக்கு இதுவே வழி. ‘நான் லாயக்கற்றவன்’ என்பது எலியாவின் சொல். ‘எனக்கு இந்த வழி நீளமானது, துணை வேண்டும்’ என்பது தூதரின் சொல். அட்டையை மறந்த நாளில் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: ‘இன்று அட்டையை மறந்தேன். கண்ணில் படாததை என் மூளை விட்டுவிடும். இன்றிரவு அதைக் கதவுப் பிடியில் மாட்டிவைப்பேன்.’ முதல் நாள் இது பொய்போலத் தோன்றும், ஏனென்றால் பழைய வசைக்கு முப்பது வருடப் பழக்கம் இருக்கிறது. விடாமல் சொல்லுங்கள். மனக்கசப்பையும் பழிச்சொல்லையும் விட்டுவிடும்படி புனித பவுல் இன்றைய இரண்டாம் வாசகத்தில் கேட்கிறார். நம்மை நாமே பழிப்பதற்கு அதில் விலக்கு ஏதும் அவர் தரவில்லை.

இப்படி ஏச்சு கேட்டு வளர்ந்த ஒரு பிள்ளையையும் நினைத்துப் பாருங்கள். இங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஓஃபிர் சாலையில், தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1888இல் எழும்பிய லூர்து அன்னை ஆலயம் நிற்கிறது. அந்த லூர்து நகரில் 1858இல் அன்னையைக் கண்ட பெர்னதெத்துக்கு அப்போது வயது 14. ஞானோபதேசம் மனப்பாடம் ஆகாததால் புதுநன்மை வாங்காமலே இருந்தாள். உனக்கு எதுவுமே ஏறாது என்று வளர்ப்புத்தாய் ஏசியிருக்கிறாள். பெர்னதெத்துக்கு என்ன குறை என்று இன்று நாம் நோய்ப்பெயர் சூட்ட வேண்டாம். மனப்பாடம் வராத அந்தப் பிள்ளையிடம்தான் அன்னை பேசினார்.

பெற்றோரே, மறைக்கல்வி ஆசிரியர்களே, நாளையிலிருந்து ‘சோம்பேறி’ என்ற சொல்லை உங்கள் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்களுக்கோ பிள்ளைக்கோ இந்தக் குறைபாடு இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் பலதுறை மருந்தகத்துக்குப் போய்ச் சொல்லுங்கள், உரிய நிபுணரிடம் அனுப்புவார்கள். மருந்து உண்பது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எலியாவும் கொடுத்ததைச் சாப்பிட்டார். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் திருப்பலி முடிந்ததும் என்னிடம் வாருங்கள். கூடவே வருகிறேன்.